கழுதைக்கு எல்லாம் செரிக்குமா?

சுவரொட்டியைக் கிழித்துத் தின்னும் கழுதையின் வீடியோ மறுபடியும் கைபேசிக்குக் கைபேசி தாவுகிறது. கூடவே அந்தப் பழைய பேச்சும் வருகிறது: கழுதைக்கு எதைப் போட்டாலும் செரிக்கும். அனகாபுத்தூரில் அடையாற்றங்கரையோரம் மிச்சச் சோற்றைக் கேரி பேக்கில் முடிந்து எறிகிறவருக்கும் இந்த நினைப்புதான் துணை. கழுதை காகிதத்தைக் கடிப்பது பசியால். அதை ஒட்டிய பசையில் மைதா இருக்கிறது. காகிதமும் மரக்கூழ்தான், கொஞ்சம் செரிக்கவும் செய்யும். செரிக்க வைப்பது பெருங்குடலில் வாழும் கோடானுகோடி நுண்ணுயிர்கள். மாட்டுக்குத் தீவனம் புளிக்கும் இடம் முன்னால், அசைபோடும் வயிற்றில். குதிரைக்கும் கழுதைக்கும் அது பின்னால், பெருங்குடலில். குதிரையின் பெருங்குடல் தொடங்கும் இடத்திலுள்ள பை மட்டுமே சுமார் 30 லிட்டர் பிடிக்கும்; இரைப்பை அதில் பாதிகூடத் தேறாது. அந்த நுண்ணுயிர்களுக்கு வேண்டியது நார். கேரி பேக்கை அவற்றால் ஒன்றும் செய்ய முடியாது. அது குடலில் சுருண்டு அடைத்துக்கொள்ளும். வாந்தியெடுக்கவும் குதிரை, கழுதை இனத்துக்கு வழியில்லை. உள்ளே இருக்கும் சோறும் நல்லதல்ல. சிறுகுடலில் செரிக்காமல் மிஞ்சும் மாவு பெருங்குடலுக்குப் போய்ப் புளித்து அமிலமாகும். நாரைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் மடியும். நஞ்சு ரத்தத்தில் கலந்து குளம்புவரை வீங்கும்.

தெருக்கழுதை நன்றாகத்தானே திரிகிறது என்பார்கள். குதிரை வயிற்றுவலியில் புரண்டு காட்டும். கழுதை பெரும்பாலும் தலையைத் தொங்கப்போட்டு நிற்கும், அவ்வளவுதான். தீவனத்தை விட்டுவிட்டால் உடம்புக் கொழுப்பு கரைந்து ரத்தத்தில் ஏறி அதுவே உயிரை வாங்கும். குதிரையைவிடக் கழுதை கெட்டி என்பது உண்மை. ஆனால் அந்தக் கெட்டித்தனம் காய்ந்த வைக்கோலில் சத்தெடுப்பதில்தான். கேரி பேக்கில் எந்தச் சத்தை எடுக்கும்?

குட்டி பிறக்கும்போது அதன் குடலில் இந்த நுண்ணுயிர்க் கூட்டம் இல்லை. முதல் சில வாரங்களில் தாயின் விட்டையைத் தின்றும் அதைச் சேர்த்துக்கொள்கிறது. அசிங்கம் என்று முகம் சுளிக்கிறவர்களே, குழந்தைக்கு நல்லதென்று அந்தக் குட்டிக்குரிய பாலைத் தெருவில் கறந்து, காய்ச்சாமல் சங்கில் புகட்டுகிறார்கள். ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும் போதும் என்று மருத்துவர்கள் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார்கள். கழுதைகளின் எண்ணிக்கையும் சரிந்துவிட்டது: 2012 கால்நடைக் கணக்கெடுப்பில் நாட்டில் சுமார் 3.2 லட்சம் கழுதைகள் இருந்தன, 2019-ல் 1.2 லட்சம். மினி லாரியும் வாஷிங் மெஷினும் வந்ததால் குறைந்தது என்று சொல்லிக் கணக்கை முடித்துவிடுகிறோம். மேய்க்கால் புறம்போக்கையெல்லாம் மனை போட்டு விற்றது யார்? புல் இருந்தால் எந்தக் கழுதை சுவருக்கு வரும்?