மலைக்குப் போகும் காருக்கு எந்த வழிகாட்டி?

புதிதாகக் கார் வாங்க எண்ணுகிறவர்களில் பலரை ஷோரூம் வாசலிலேயே ஒரு கேள்வி நிறுத்திவிடுகிறது. வழிகாட்டும் யந்திரம் டாஷ்போர்டிலேயே பொருத்தப்பட்டு வருகிற டாப் மாடலுக்கு அதிகக் கிரயம் கொடுப்பதா, அல்லது சாதாரண மாடலை வாங்கிக்கொண்டு, கையோடு எடுத்துச் செல்லக்கூடிய ஒரு கருவியை, பெரும்பாலும் சட்டைப்பையில் இருக்கிற செல்போனையே, ஒரு ஹோல்டரில் மாட்டிக் காரியத்தை நடத்திக்கொள்வதா என்பதே அக்கேள்வி. சென்னையிலேயே வண்டி ஓட்டிப் பொழுது கழிக்கிறவருக்கு இரண்டில் எது வாய்த்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் விடுமுறை நாட்களில் குழந்தை குட்டிகளோடு ஜவ்வாது மலைக்குக் கிளம்புகிறவருக்கு இது அற்ப விஷயம் அன்று. அம்மலைமேல் உள்ள ஜமுனாமரத்தூரை மனத்தில் வைத்தே இதைப் பரிசீலிக்க விரும்புகிறேன். இவ்விரண்டின் பலமும் பலவீனமும் மலைமேல்தான் ஐயத்துக்கு இடமின்றி வெளிப்படுகின்றன.

திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் ஆகிய மூன்று மாவட்டங்களிலும் பரந்து கிடக்கும் இம்மலைத் தொடரில், ஜமுனாமரத்தூருக்குப் போளூர்ப் பக்கமிருந்து ஏறலாம், செங்கம் பக்கமிருந்து ஏறலாம், வாணியம்பாடி வழியே வருகிறவர்கள் ஆலங்காயம், காவலூர் மார்க்கமாகவும் வந்து சேரலாம். பீமன் அருவியையும் கோமுட்டேரிப் படகுத்துறையையும் பார்க்க வருகிறவர்களும், வானியல் அறிஞர் வைணு பாப்புவின் பெயர் தாங்கிய 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் வானத்தை நோக்கிக்கொண்டிருக்கும் காவலூருக்குப் போகிறவர்களும் இவ்வழிகளில் ஏதாவதொன்றில்தான் பிரயாணம் செய்யவேண்டும். பிரதான சாலையில் இருக்கும் வரையில் கஷ்டமில்லை. அதிலிருந்து பிரிந்து, சாமைக் கொல்லைகளுக்கும் பலா மரங்களுக்கும் நடுவே மலையாளிப் பழங்குடி மக்களின் சிற்றூர்களைத் தேடிச் செல்லும் கிளைப்பாதைகள் தொடங்குமிடத்தில்தான், யாருடைய வார்த்தையை நம்பி ஸ்டியரிங்கைத் திருப்புவது என்ற பிரச்சினை எழுகிறது.

இங்கே பலருக்கும் உள்ள ஒரு தப்பெண்ணத்தைப் போக்குவது அவசியம். மலையேறியதும் டவர் கிடைக்கவில்லை, ஆகவே ஜி.பி.எஸ். வேலை செய்யவில்லை என்று சொல்லுகிறார்கள். ஜி.பி.எஸ். செயற்கைக் கோள்களோ பூமிக்கு மேலே ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிக்கொண்டு, செல்போன் கம்பெனியின் கோபுரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தம் சமிக்ஞையை இடைவிடாது அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. அவற்றுள் நான்கின் சமிக்ஞை தெளிவாகக் கிடைத்துவிட்டால், நாம் நிற்கிற இடம் இன்னது என்பதைக் கருவி தானே கணக்கிட்டுக்கொள்ளும். டவர் போனதும் மறைவது இடமன்று, படம். செல்போன் திரையை உற்றுப் பார்த்தால் நீலப் புள்ளி நம்முடன் நகர்ந்துகொண்டுதான் இருக்கும்; அதைச் சுற்றிச் சாலையோ ஊரோ ஓடையோ ஒன்றும் இல்லாமல், சாம்பல் நிற வெட்டவெளி மட்டும் தெரியும். இணையத்தின் வழியே அவ்வப்போது வரவேண்டிய வரைபடம் வந்து சேராததே காரணம். புறப்படுவதற்கு முன்பே இப்பிரதேசத்தின் படத்தைப் போனுக்குள் டவுன்லோடு செய்துகொண்டவருக்கு இந்தச் சங்கடம் இல்லை.

காரோடு பொருந்தி வருகிற யந்திரத்தின் முதல் சிறப்பு இதுதான்: படம் அதன் உள்ளேயே இருக்கிறது. அதற்கு வேறொரு விசேஷமும் உண்டு. ஜப்பானின் ஹோண்டா கம்பெனி 1981-இல் காருக்கென வெளியிட்ட வழிகாட்டி செயற்கைக் கோளின் உதவியே இல்லாமல், சக்கரம் சுழன்ற தூரத்தையும் கைரோஸ்கோப் காட்டிய திருப்பத்தையும் கொண்டே வண்டி நிற்கும் இடத்தைக் கணித்தது. அந்தப் பழைய வித்தையை இன்றைய யந்திரங்களில் பலவும் துணைக்கு வைத்துக்கொண்டிருப்பதால், இருபுறமும் மலைச்சரிவு எழுந்து ஆகாயம் குறுகிப்போன இடத்திலும், மரக்கிளைகள் கவிந்த வளைவிலும், சுரங்கப் பாதையிலும்கூட அது வழியைத் தொலைப்பதில்லை. திரையும் பெரிது, வெயிலில் சூடேறி அணைந்துபோவதும் இல்லை. இவை மெய்யான நன்மைகள்.

ஆயினும் அதற்கு அதிகப் பணம் கொடுக்காதீர்கள் என்பதே என் அபிப்பிராயம். பதினைந்து ஆண்டு ஓடக்கூடிய வண்டியில், வாங்கிய வருஷத்துப் படத்தை வைத்துக்கொண்டு பத்தாவது வருஷத்தில் மலையேறுவது எவ்வளவு விபரீதம் என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். மலைப்பாதை என்பது நிலைத்த வஸ்து அன்று. ஒரு மழைக்காலத்தில் தரைப்பாலம் உடைந்துபோகிறது. மறு வருஷம் மண் பாதை தார்ச்சாலையாகிறது. முன்பு ஜீப் போன வழியை வனத்துறை அடைத்துவிடுகிறது. படத்தைப் புதுப்பிக்க வேண்டுமானால் சர்வீஸ் சென்டருக்குப் போ, பணம் கட்டு என்கிற ஏற்பாடு உள்ள வண்டிகளில், அந்தச் சிரமத்தை எத்தனை பேர் எடுத்துக்கொள்ளப் போகிறார்கள்? கையடக்கக் கருவியோ வண்டியோடு சேர்ந்து முதுமை அடைவதில்லை. அதை மாமனார் காரிலும் மாட்டலாம், வாடகைக் காரிலும் மாட்டலாம். வரைபடத்தை வீட்டிலிருந்தே செலவின்றிப் புதுப்பித்துக்கொள்ளலாம்.

ஷோரூமில் ஒன்றைத் தீர விசாரித்துக்கொள்ளுங்கள். திரை பெரிதாக இருப்பதனாலேயே அதற்குள் வழிகாட்டி இருக்கிறது என்று அர்த்தமில்லை. 2014, 2015-ஆம் ஆண்டுகளில் வெளிவந்த ஆப்பிள் கார்ப்ளே, ஆண்ட்ராய்டு ஆட்டோ என்பவற்றின் வாயிலாகச் செல்போனில் ஓடும் படத்தையே டாஷ்போர்டில் காட்டுகிற வசதிதான் பல வண்டிகளில் இருப்பது. அது நல்ல வசதி. இரண்டின் சௌகரியமும் அதில் கூடியிருக்கிறது என்றே சொல்லலாம். ஆனால் அதற்கும் படம் போனிலிருந்துதான் வரவேண்டும்.

போனை மாட்டுகிறவர்களும் சில நியமங்களைக் கைக்கொள்ள வேண்டும். 2020 அக்டோபர் முதல் அமலுக்கு வந்த திருத்தப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதிகள், வண்டி ஓட்டும்போது கைக்கருவியை வழி பார்ப்பதற்கு மட்டும், அதுவும் ஓட்டுநரின் கவனம் சிதறாத முறையில், உபயோகிக்க அனுமதிக்கின்றன. கொண்டை ஊசி வளைவில் எதிரே அரசுப் பேருந்து இறங்கி வரும் தருணத்தில் ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஸ்டியரிங்கை வளைக்கிற பழக்கம் பெரும் குற்றம். பார்வையை மறைக்காத இடத்தில் ஹோல்டரை உறுதியாகப் பொருத்திவிட்டு, குரலை மட்டும் கேட்டு ஓட்டவேண்டும். திரையைப் பார்ப்பது பக்கத்து இருக்கைக்காரரின் வேலை.

கருவி எதுவானாலும் அது சொல்வதையே வேதவாக்காகக் கொண்டவர்களுக்கு நேர்ந்ததை நாம் அறிவோம். 2024 ஜனவரியில் கூடலூரில், ஊர் திரும்பிக்கொண்டிருந்த கர்நாடகப் பிரயாணிகளின் கார், விரைவான வழி என்று படம் காட்டியதை நம்பிப் படிக்கட்டில் இறங்கிச் சிக்கிக்கொண்டது. போலீஸாரும் அங்கிருந்த ஜனங்களும் சேர்ந்து அதை மீட்டார்கள். அதே ஆண்டு நவம்பரில் உத்தரப் பிரதேசத்தின் பரேலி அருகே, வெள்ளத்தில் ஒரு பகுதி அடித்துச் செல்லப்பட்டிருந்த பாலத்தின்மேல் ஏறிய கார் ராமகங்கை ஆற்றில் விழுந்து மூவர் மாண்டனர். படத்தில் பாலம் முழுமையாக இருந்தது. பாலத்தின் முகப்பில் தடுப்பு இல்லை. கருவியைக் குறை சொல்லும் நாம், தடுப்பை வைக்காதவர்களையும் கேள்வி கேட்கக் கடமைப்பட்டவர்கள்.

ஆகையால் கிளைப்பாதை பிரியும் இடத்தில் வண்டியை ஓரங்கட்டி, ஆடு மேய்க்கிறவரையோ கடைக்காரரையோ கேட்டுவிடுவதில் கௌரவக் குறைவு எதுவும் இல்லை. "அந்தப் பலா மரத்தாண்ட சோத்தாங்கைப் பக்கமா திரும்புங்க சார், நேரா போனா ஓடைல தண்ணி நிக்குது, காரு போவாது" என்று அவர் சொல்லும் ஒரே வாக்கியத்தில், திருப்பம் மட்டுமல்லாமல் அன்று காலையில் அப்பாதை இருக்கும் நிலைமையும் அடங்கியிருக்கிறது. அந்த நிலைமையை அவ்வளவு சீக்கிரத்தில் தெரிந்துகொள்ளும் வல்லமை எந்த யந்திரத்துக்கும் இல்லை.

ஜவ்வாது மலைக் கோடை விழாவுக்கு வாருங்கள் என்று வருஷந்தோறும் அழைக்கிற அரசுக்கும் நெடுஞ்சாலைத் துறைக்கும் என் விண்ணப்பம் ஒன்றுண்டு. ஜமுனாமரத்தூருக்கு ஏறும் ஒவ்வொரு சாலையிலும், கிளைப்பாதை பிரியும் ஒவ்வோர் இடத்திலும், ஊர்ப்பெயரையும் தூரத்தையும் இரவில் வண்டி வெளிச்சம் பட்டால் ஒளிரும் எழுத்துக்களில் தாங்கிய பலகைகளை நாட்டுங்கள். உடைந்த பாதையின் முகப்பில் அன்றைய தினமே தடுப்பு வையுங்கள். சுற்றுலாவாக வருகிறவருக்கு மட்டுமின்றி, பிரசவ வேதனையில் இருக்கும் ஒரு பெண்ணை அழைத்துப் போக இருட்டில் சிற்றூரைத் தேடி வருகிற 108 ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்கும் அவை வேண்டும்.