கிழமைக்கு ஒரு பாடவேளை தாருங்கள்

மதிப்பிற்குரிய வடமாகாணக் கல்விப் பணிப்பாளர் அவர்களுக்கு,

முல்லைத்தீவு, கிளிநொச்சிப் பாடசாலைகளில் இன்று படிக்கும் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலானோர் 2009 மே மாதம் போர் முடிந்த பிறகு பிறந்தவர்கள். ஷெல் சத்தத்தை அவர்கள் கேட்டதில்லை. ஆனால் அன்று இடம்பெயர்ந்தோருக்கான மெனிக் பாம் முகாமில் கொப்பியோடு இருந்த மாணவர்கள்தான் இன்று பலருக்குத் தாய் தகப்பன். காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சியில் தொடங்கிய போராட்டப் பந்தலில், அம்மம்மாவின் மடியில் இருந்து வளர்ந்த பிள்ளைகளும் உண்டு.

இப்படியான வீட்டுப் பிள்ளை, கதவைப் படாரென்று சாத்தினால் துள்ளி எழும்பும். பக்கத்தில் இருப்பவன் தொட்டால் அடித்துவிடும். சில பிள்ளைகள், ஆசிரியர் கேள்வி கேட்டதும், உறைந்து நிற்கும். நாங்கள் இதை ஒழுங்கீனம் என்கிறோம். உண்மையில் இது பயம்: ஆபத்து வந்துவிட்டதென்று உடல் நம்பிவிட்டால் நெஞ்சு படபடக்கும், கை இறுகும், யோசிக்கும் ஆற்றல் பின்வாங்கும். அந்த நேரத்தில் "ஏன் அடித்தாய்?" என்று கேட்டால் பிள்ளையிடம் பதில் இராது. பிரம்பைத் தூக்கினாலோ, அதன் பயம் சரிதான் என்று நாமே சொல்லிக்கொடுத்ததாகிவிடும்.

தன்னைத் தணித்துக்கொள்வதும் படித்துப் பழக வேண்டிய திறன்தான். இழுத்ததைவிட மெதுவாக மூச்சை வெளியே விட்டால் இதயத் துடிப்பு தணியும். பாதத்தை நிலத்தில் அழுத்தி, கண்ணில் படும் ஐந்து பொருள்களின் பெயரைச் சொன்னால் மனம் இந்த இடத்துக்குத் திரும்பும். பதற்றம் வந்தபின் இவற்றைச் சொல்லித்தர முடியாது; பிள்ளை சுகமாக இருக்கும் நாட்களில் பழக்க வேண்டும். கண்ணை மூடும்படி வற்புறுத்தவும் கூடாது, சிலருக்கு இருட்டே பயம். மூச்சுப் பயிற்சி, நாமசெபம் போன்ற எங்கள் பழக்கங்களைப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றோர் போர்க்காலத்திலேயே யாழ்ப்பாணத்தில் உளவளத்துணைக்குப் பயன்படுத்தினார்கள். ஆசிரியர்களையும் பயிற்றினார்கள்.

தரம் 6 முதல் 11 வரை கிழமைக்கு ஒரு பாடவேளை இந்தத் தணிக்கும் பயிற்சிக்கு வேண்டும். பரீட்சை நெருங்குகிறதென்று அதைக் கணிதத்துக்கு எடுக்கக்கூடாது என்று சுற்றுநிருபம் அனுப்புங்கள். ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியரை, வராத ஆசிரியரின் வகுப்பைப் பார்க்க அனுப்புவதையும் நிறுத்துங்கள். இந்தப் பயிற்சியைக் காட்டிப் பசியையும், திரும்பி வராத ஒருவரைப் பற்றிய கேள்வியையும் பொறுத்துக்கொள்ளும்படி எந்தப் பிள்ளைக்கும் சொல்லிவிட வேண்டாம்.

ஆனால் ஆசிரியர்களிடமிருந்தே தொடங்குங்கள். பதறும் பிள்ளை, அருகில் நிற்கும் பெரியவரின் குரலைப் பிடித்துக்கொண்டுதான் அமைதிக்கு வரும். வன்னி ஆசிரியர்களில் பலர் இறுதிப் போர் நடந்த முள்ளிவாய்க்காலைக் கடந்து வந்தவர்கள். அவர்களுடைய காயத்தைப் பற்றி யாரும் பெரிதாக விசாரித்ததில்லை. அவர்களுக்கான பயிற்சியை வரும் தவணை விடுமுறையிலேயே ஒவ்வொரு வலயத்திலும் ஆரம்பித்துவைக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்