அவை பயந்தது ஊசிக்கு இல்லை

"கிழடுகள் வாட்ஸ்அப்பை நம்பிக்கொண்டு ஊசி போடாமல் இருந்ததுகள்." 2021 கொரோனாக் காலத்தைப் பற்றிக் கதை வந்தால் எங்கட வயதுக்காரர் இப்பவும் இப்படித்தான் சொல்கிறார்கள். வல்வெட்டித்துறையிலும் இதைக் கேட்டிருக்கிறோம். எங்களுக்கு இதில் உடன்பாடில்லை.

எங்கட முதியவர்கள் தடுப்பூசிக்கு எதிரிகள் இல்லை. 1990களில், போலியோச் சொட்டு மருந்துக்காக இரண்டு தரப்பும் சண்டையை நிறுத்திய நாட்கள் இருந்தன. அப்போது பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போனவர்கள்தான் இன்றைய அம்மம்மாக்கள். 1993க்குப் பிறகு இலங்கையில் போலியோ இல்லை.

பிறகேன் 2021இல் தயக்கம்? யாழ்ப்பாணத்துக்கு மே மாத இறுதியில் வந்தது சினோபார்ம். அதை மே 7ஆம் திகதி அங்கீகரித்த உலக சுகாதார நிறுவனமே, பரிசோதனைகளில் 60 வயதைத் தாண்டியோர் மிகக் குறைவு என்று சொன்னது; ஆனாலும் அவர்களுக்கும் போடலாம் என்றது. ஆகவே "பிறசரும் சலரோகமும் இருக்கிற எனக்கு உது ஒத்துவருமோ?" என்பது நியாயமான கேள்வி. நீண்ட வரிசையில் அதற்கு ஆறுதலாகப் பதில் சொல்ல ஆளில்லை. பதில் வெளிநாட்டிலிருந்து ஃபோனில் வந்தது: "அம்மா, பைசர் வரட்டும், பொறுங்கோ."

அடுத்தது சீருடை. நாட்டின் கொரோனாத் தடுப்பு மையத்துக்குத் தலைமை தாங்கியவர் இராணுவத் தளபதி சவேந்திர சில்வா. 1987 ஒக்டோபரில் யாழ் போதனா வைத்தியசாலைக்குள் புகுந்த இந்திய இராணுவம் வைத்தியர்களையும் நோயாளரையும் சுட்டுக்கொன்றது. 1989 ஓகஸ்ட் 2இல் எங்கட ஊரிலேயே 50க்கும் மேற்பட்ட பொதுமக்களைக் கொன்றது. அது வேறு நாட்டு இராணுவம்தான். ஆனால் துவக்கோடு நிற்பவரைக் கண்டு நடுங்கியவர்களுக்கு அந்த வித்தியாசம் பெரிதில்லை.

"இனி எத்தினை நாளைக்கு இருக்கப்போறன், இளசுகளுக்குப் போடுங்கோ" என்றவர்களும் உண்டு. அதைப் பிடிவாதம் என்று விட்டுவிட்டோம். தான் வீட்டுக்குப் பாரம் என்ற எண்ணமும் அதற்குள் இருந்திருக்கலாம்.

தயங்கியது சரி என்று நாங்கள் சொல்லவில்லை. இலங்கையில் கொரோனாவால் இறந்தவர்களில் பெரும்பான்மையோர் 60 வயதைத் தாண்டியவர்கள். அதனால்தான் இது முக்கியம். அடுத்த நோய் வரும்போது படலை திறந்து வரவேண்டியவர், பேர் சொல்லிக் கூப்பிடக்கூடிய குடும்பநல உத்தியோகத்தர். எங்கட வேலை, அம்மம்மாவின் மாத்திரைக் கொப்பியையும் எடுத்துக்கொண்டு கூடவே போய், அவர் கேட்க நினைப்பதைக் கேட்கவைப்பது. நக்கலடித்து எந்த அம்மம்மாவும் ஊசி போட்டதில்லை.