வழிச் செலவையும் கணக்கில் எழுதுங்கள்



பிள்ளையைப் பாலர் பாடசாலையில் சேர்க்கும்போது சீருடை, சப்பாத்து, புத்தகப் பை, தண்ணீர்ப் போத்தல் என்று எல்லாவற்றுக்கும் கணக்குப் பார்க்கிறோம். அன்றாடம் கொண்டுபோய்க் கூட்டிவரும் செலவை மட்டும் "அது எப்படியாவது நடக்கும்" என்று விட்டுவிடுகிறோம். இந்தத் தவறை நானும் செய்தவன்தான்.

எங்கள் ஊர்ப் பாலர் பாடசாலையின் நிர்வாகக் குழுவில் நானும் ஒருவன். 2022இல் பொருளாதார நெருக்கடி வந்தபோது, கஷ்டப்படும் சில குடும்பங்களிடம் மாதக் கட்டணம் வாங்குவதில்லை என்று முடிவெடுத்தோம். நல்ல காரியம் செய்துவிட்டோம் என்ற திருப்தி எங்களுக்கு. ஆனால் அந்தப் பிள்ளைகளுள் ஒரு சிறுமி வருவதை நிறுத்திக்கொண்டாள். உம்மாவிடம் விசாரித்தேன். "மௌலவி, ஸ்கூல் காச நீங்க வேணாண்டு சொல்லிட்டீங்க. ஓட்டோக்காரர் அப்பிடிச் சொல்லுவாரா?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

ஓட்டோக்காரரையும் குறை கூற முடியாது. அவருடைய கணக்கைப் பாருங்கள். வீட்டுக்கும் பாடசாலைக்கும் மூன்று கிலோமீற்றர் என்று வைப்போம். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்புகிறார். மதியம் மீண்டும் போய்க் கூட்டிவருகிறார். ஒரு நாளைக்கு 12 கிலோமீற்றர். மாதத்தில் 20 நாட்களுக்கு 240 கிலோமீற்றர். லீற்றருக்கு 24 கிலோமீற்றர் ஓடினால் 10 லீற்றர் பெற்றோல் தேவை. 2022 ஜனவரியில் ஒரு லீற்றர் 177 ரூபா. ஜூன் கடைசியில் 470 ரூபா. 1,770 ரூபாவாக இருந்த செலவு ஆறு மாதத்துக்குள் 4,700 ரூபாவாகிவிட்டது. டயர், ஒயில், திருத்த வேலை, அவருடைய உழைப்பு எல்லாம் இதற்கு மேல்.

இந்த நிலையில் கட்டணத்தைக் குறைக்கச் சொல்லி நெருக்கினால் என்ன நடக்கும்? மூன்று பேர் இருக்கும் ஓட்டோவில் ஆறு, ஏழு பிள்ளைகள் ஏறுவார்கள். ஒருவர் மடியில் ஒருவர் இருப்பார்கள். சாரதியின் பக்கத்தில் ஒன்று தொங்கிக்கொண்டு வரும். நாம் மிச்சம் பிடித்த காசுக்கு ஆபத்தைச் சுமப்பது நான்கு வயதுக் குழந்தை. பிள்ளை நம்மிடம் உள்ள அமானிதம் என்பதை இங்கே மறந்துவிடக் கூடாது.

ஆகவே, பாடசாலை தொடங்கு முன்னரே சில காரியங்களைப் பேசி முடியுங்கள். நடக்கக்கூடிய தூரம் என்றால், பக்கத்து வீட்டுத் தாய்மார் முறை வைத்து நான்கைந்து பிள்ளைகளை ஒன்றாகக் கூட்டிச் செல்லலாம். வாகனம் தேவையென்றால், எத்தனை பிள்ளைகளை ஏற்றுவது, மாதம் எவ்வளவு, பெற்றோல் விலை ஏறினாலும் இறங்கினாலும் என்ன செய்வது என்று சாரதியுடன் பேசி எழுதி வையுங்கள். ரமழான் விடுமுறையில் ஓட்டம் இல்லை. ஆனால் அவர் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும். அந்த மாதத்துக்கு என்ன கொடுப்பது என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்தால் பின்னர் மனத்தாங்கல் வராது.

நிர்வாகக் குழுவினருக்கும் ஒரு வார்த்தை. வருட வரவு செலவில் கட்டிடத்துக்கும் கலைவிழாவுக்கும் ஒதுக்கும்போது, வசதியற்ற பிள்ளைகளின் வழிச் செலவுக்கும் ஒரு தொகை ஒதுக்குங்கள். கலைவிழா மேடையைச் சற்றுச் சிறிதாக்கினாலே போதும். நாங்கள் இப்போது அப்படித்தான் செய்கிறோம். உதவி பெறுவோரின் பெயரைக் கூட்டத்தில் வாசிப்பதில்லை. பணம் நேரே சாரதியின் கைக்குப் போகிறது.

அந்தச் சிறுமி மறுபடி எங்களிடம் வரவில்லை. அடுத்த வருடம் நேரே முதலாம் தரத்துக்குப் போய்விட்டாள். பாட்டும் விளையாட்டும் கற்றிருக்க வேண்டிய அந்த மாதங்கள் அவளுக்கு இல்லாமற் போய்விட்டன. அவளிடம் வாங்காமல் விட்ட கட்டணத்தோடு ஓட்டோக் காசையும் சேர்த்துப் பார்த்திருந்தால், அவள் வகுப்பில் இருந்திருப்பாள்.