அனுபவமுள்ள டாக்டருக்கு எதுக்கு செக்லிஸ்ட்? நெருக்கடியில் உயிர் காக்கும் ஒரு பக்கத் தாள்!

ஆபரேஷன் தியேட்டரில் நோயாளியின் இதயம் திடீரென நின்றுவிடுகிறது. பக்கத்தில் பல வருட அனுபவமுள்ள டாக்டர். அந்த நேரத்தில் ஒருவர் தாளை எடுத்து, அடுத்து என்ன செய்யணும் என்று வரிவரியாகப் படித்தால் நமக்கு என்ன தோன்றும்? ‘இதுகூடவா இவங்களுக்குத் தெரியாது?’ என்றுதான். ஆனால், அப்படிப் படிக்கிற டீம்தான் குறைவாகத் தவறவிடுகிறது.

ஆய்வு என்ன சொல்கிறது?

அமெரிக்காவில் 17 ஆபரேஷன் தியேட்டர் குழுக்களை வைத்து, நிஜம் போலவே செட் செய்த 106 நெருக்கடிச் சூழல்களில் ஒரு சோதனை நடந்தது. முடிவு 2013-ல் வெளியானது. செக்லிஸ்ட் இல்லாதபோது, செய்தே ஆக வேண்டிய சிகிச்சைகளில் 23% விடுபட்டன. செக்லிஸ்ட் இருந்தபோது விடுபட்டது 6% மட்டுமே.

தெரிந்ததே ஏன் மறக்குது?

2005-ல் இங்கிலாந்தில், மார்ட்டின் புரோமிலி என்ற விமானியின் மனைவிக்கு சாதாரண சைனஸ் ஆபரேஷன். மயக்க மருந்து கொடுத்த பிறகு டியூப் போட முடியவில்லை, மாஸ்க் வழியாகவும் போதிய ஆக்சிஜன் போகவில்லை. அடுத்த வழி, கழுத்தின் முன்பக்கம் துளையிட்டு காற்று செலுத்துவது. அதற்கான கிட்டை ஒரு நர்ஸ் எடுத்து வந்து, ‘ரெடியா இருக்கு’ என்றும் சொன்னார். ஆனால், அனுபவமுள்ள டாக்டர்கள் டியூப் போடும் முயற்சியிலேயே இருந்தார்கள். 13 நாட்களில் அவர் இறந்துபோனார்.

அந்த அறையில் இருந்தவர்களுக்கு வேலை தெரியாமல் இல்லை. பதற்றத்தில் மூளை ஒரே விஷயத்தைப் பிடித்துக்கொள்ளும். நேரம் ஓடுவதே உறைக்காது.

விமானியான புரோமிலிக்கு இது புரிந்தது. விமானத்துறை இந்தப் பாடத்தை 1935-லேயே படித்துவிட்டது. அந்த வருடம் அமெரிக்காவில் போயிங் ‘மாடல் 299’ விமானம், வால் பகுதியின் லாக்கை எடுக்காமலேயே கிளம்பி விழுந்தது. ஓட்டியவர் தேர்ந்த விமானி. அதன் பிறகுதான் பைலட் செக்லிஸ்ட் வழக்கமானது. 2007-ல் புரோமிலி, மருத்துவத்தில் நடக்கும் மனிதத் தவறுகளைக் குறைப்பதற்காகவே ஓர் அமைப்பைத் தொடங்கினார்.

நல்ல தாள் எப்படி இருக்கணும்?

* நெருக்கடிக்கு ஒரு பக்கம். பெரிய எழுத்து. அவசர நேரத்தில் பத்தி பத்தியாக யாரும் படிக்க மாட்டார்கள்.

* எங்கே நிறுத்தணும் என்று சொல்லணும். பிரிட்டனின் 2015 மூச்சுப்பாதை வழிகாட்டுதலில், டியூப் போட அதிகபட்சம் 3 முயற்சி, அதிக அனுபவம் உள்ளவர் வந்தால் இன்னும் ஒன்று. அதற்கு மேல் அடுத்த திட்டத்துக்குப் போயிடணும்.

* கணக்கு போட வைக்கக் கூடாது. மயக்க மருந்தால் உடல் சூடு எகிறும் ‘மேலிக்னன்ட் ஹைப்பர்தெர்மியா’ மிக அரிது. பல டாக்டர்கள் நேரில் பார்த்தே இருக்க மாட்டார்கள். அதற்கு ‘டான்ட்ரோலின்’ மருந்து கிலோவுக்கு 2.5 மில்லிகிராம். 60 கிலோ நோயாளி என்றால் 150 மில்லிகிராம். வழக்கமான ஒரு குப்பியில் இருப்பது 20 மில்லிகிராம், அதையும் 60 மில்லி சுத்த நீரில் கரைக்கணும். ‘60 கிலோ: 8 குப்பி, கலக்க தனி ஆள் போடு’ என்று தாளே சொல்லிவிட்டால் பல நிமிடம் மிச்சம்.

* படிக்க தனியாக ஒருவர். சிகிச்சை செய்பவரே தாளையும் பார்த்தால் இரண்டிலும் கவனம் சிதறும். ஒருவர் சத்தமாகப் படிக்கணும், மற்றவர்கள் செய்துவிட்டு ‘முடிஞ்சது’ என்று சொல்லணும்.

* கைக்கு எட்டும் இடம். பீரோவுக்குள் பூட்டி வைத்த கையேட்டால் பிரயோஜனம் இல்லை.

தாள் ஒட்டிட்டா போதுமா?

போதாது. உலக சுகாதார அமைப்பு 2008-ல் ஆபரேஷனுக்கான 19 அம்ச செக்லிஸ்டை வெளியிட்டது. இது நெருக்கடிக்கானது அல்ல, எல்லா ஆபரேஷனிலும் பயன்படுத்துவது. டெல்லி உட்பட 8 நகரங்களின் மருத்துவமனைகளில் சோதித்தபோது, இறப்பு 1.5%-லிருந்து 0.8% ஆகக் குறைந்தது. ஆனால், கனடாவின் ஒன்டாரியோவில் 101 மருத்துவமனைகளில் செக்லிஸ்ட் வந்த பிறகு பெரிய மாற்றம் எதுவும் தெரியவில்லை என்று 2014-ல் ஓர் ஆய்வு சொன்னது.

ஒரே மாதிரி தாள், வேறு வேறு முடிவு. ஏன்? பயிற்சி கொடுக்காமல் ‘டிக்’ அடிக்கச் சொன்னால் அது இன்னொரு ஃபார்ம், அவ்வளவுதான் என்கிறார்கள் இத்துறையில் இருப்பவர்கள். டீமாக ஒத்திகை பார்த்திருக்கணும். ‘தாளை எடுங்க’ என்று ஜூனியர் நர்ஸ் சொன்னால் சீனியர் டாக்டர் கேட்கணும்.

கடைசியாக ஒன்று. 2013 சோதனையில் பங்கேற்ற டாக்டர்கள், நர்ஸ்களிடம் ஒரு கேள்வி கேட்டார்கள்: ‘நீங்களே ஆபரேஷன் டேபிளில் படுத்திருக்கும்போது இப்படி ஆனால், உங்களுக்கு செக்லிஸ்ட் பயன்படுத்தணுமா?’ ‘ஆமாம்’ என்றவர்கள் 97%.