தாமிர ஆலைப் புகையில் கந்தகம் வருவது எப்படி? எடை போட்டுச் சொல்லும் ‘வெப்பப் பகுப்பாய்வு’

தூத்துக்குடி ஸ்டெர்லைட் ஆலையைத் திறக்க அனுமதி கேட்ட வேதாந்தா நிறுவனத்தின் மனுவை 2024 பிப்ரவரி 29-ல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அடுத்த மாதமே குஜராத்தின் முந்த்ராவில் அதானி குழுமத்தின் தாமிர ஆலை செயல்படத் தொடங்கியது. ஊர் மாறினாலும் கேள்வி ஒன்றுதான்: தாதுவில் இருக்கும் கந்தகம் எங்கே போகும்?

கந்தகம் எவ்வளவு?

தாமிரம் பெரும்பாலும் சால்கோபைரைட் என்ற சல்ஃபைடு தாதுவிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. சுத்தமான சால்கோபைரைட் ஒரு டன் என்றால், அதில் தாமிரமும் கந்தகமும் தலா 350 கிலோ அளவுக்கு இருக்கும், மீதி இரும்பு. அந்தக் கந்தகம் முழுசா எரிந்தால் கிடைப்பது சுமார் 700 கிலோ சல்ஃபர் டை ஆக்சைடு. கண் எரிச்சலும் மூச்சுத்திணறலும் தரும் வாயு இது.

எடையை வைத்து என்ன தெரியும்?

ஆய்வகத்தில் சில மில்லிகிராம் தாதுப்பொடியை, நுட்பமான தராசோடு இணைந்த சிறு உலையில் வைத்து, நிமிடத்துக்கு 10 டிகிரி என்பது போல சீராகச் சூடாக்குகிறார்கள். எடை ஏறினால் ஆக்சிஜன் சேர்ந்து சல்ஃபேட் உருவாகிறது. இறங்கினால் கந்தகம் வாயுவாக வெளியேறுகிறது. கூடவே வெப்பம் எவ்வளவு வெளிப்படுகிறது என்பதும் பதிவாகும்.

பொடி எவ்வளவு நுண்மையோ, அவ்வளவு சீக்கிரம் பற்றிக்கொள்ளும். கந்தகம் எரியும்போது வரும் வெப்பமே உலைக்கு எரிபொருள் மாதிரி உதவும். எவ்வளவு ஆக்சிஜன், எவ்வளவு எரிபொருள் என்று திட்டமிட இந்தத் தகவல் கைகொடுக்கும்.

அப்போ சிக்கல் எங்கே?

ஆய்வகத்தில் மெதுவாக நடப்பது, 1,200 டிகிரியைத் தாண்டும் ஆலை உலையில் மளமளவென நடந்துவிடும். வெளிவரும் வாயுவைப் பிடித்துக் கந்தக அமிலமாக மாற்றுவது பக்கத்திலேயே இருக்கும் அமில ஆலையின் வேலை. ஆனால் அங்குள்ள வனேடியம் வினையூக்கி சரியாக வேலை செய்ய அதுவே சுமார் 400 டிகிரி சூட்டில் இருக்க வேண்டும். ஆலையை நிறுத்தித் திரும்ப இயக்கும் நேரத்தில் அந்தச் சூடு குறைந்திருந்தால், மாறாத வாயு புகைபோக்கி வழியே வெளியேறும் அபாயம் உண்டு.

ஆக, கந்தகம் எப்போது கிளம்பும் என்பதை வெப்பப் பகுப்பாய்வு சொல்லும். அதைப் பிடித்தார்களா என்பதைச் சொல்லாது.

மக்கள் என்ன கேட்க வேண்டும்?

2013 மார்ச் 23-ல் கண் எரிச்சல், மூச்சுத்திணறல் எனப் புகார்கள் எழுந்த பிறகே தூத்துக்குடி ஆலையை மூட மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் உத்தரவிட்டது. பிறகு ஆலை மீண்டும் இயங்கியது. 2018 மே மாதப் போராட்டத்தின்போது நடந்த போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் உயிரிழந்தனர். அதன் பிறகே அரசு நிரந்தரமாக மூட உத்தரவிட்டது.

எந்த ஊரில் தாமிர ஆலை வந்தாலும், ‘சராசரி அளவு வரம்புக்குள் இருக்கிறது’ என்ற பதில் மட்டும் போதாது. ஆலை தொடங்கும் நேரம், நிற்கும் நேரம், மணிக்கு மணி புகைபோக்கி அளவீடு: இந்த மூன்றையும் பொதுமக்கள் பார்க்க முடிகிறதா என்பதே கேட்க வேண்டிய கேள்வி.