மட்டை பிடித்த கர்னல்

பட்டாளத்தில் கர்னல் என்றால் பெரிய பதவி. ஒரு பட்டாலியனையே நடத்துபவர் அவர். பரங்கிமலையில் பயிற்சி முடித்து லெப்டினென்டாகப் போகும் வாலிபர்கள் அந்த இடத்தை எட்டப் பல வருஷம் ஆகும்.

கிரிக்கெட் மட்டையால் கர்னல் ஆனவர் ஒருவர் உண்டு. அவர்தான் சி.கே. நாயுடு. 1895-ல் நாகபுரியில் பிறந்தவர். அவருடைய ஆட்டத்தில் மயங்கிய இந்தூர் ஹோல்கார் மகாராஜா, 1923-ல் அவரை வரவழைத்துத் தம் சேனையில் உத்தியோகம் கொடுத்தார். கர்னல் பதவி பிறகு வந்தது. 1926-ல் பம்பாயில், இங்கிலாந்திலிருந்து வந்த எம்.சி.சி. அணியின் பந்துகளை விளாசி 153 ஓட்டம் எடுத்தார். அதில் சிக்சர் மட்டும் 11! ஆண்டவர்களையே ஓட ஓட விரட்டினார் அல்லவா? ஜனங்களுக்குச் சொல்ல முடியாத ஆனந்தம். 1932-ல் லார்ட்ஸ் மைதானத்தில் இந்தியாவின் முதல் டெஸ்டுக்கு அவரே காப்டன்.

இன்று 23 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கர்னல் சி.கே. நாயுடு கோப்பைப் பந்தயம் நடக்கிறது. தமிழ்நாடும் ஆடுகிறது. தாம்பரம், சேலையூர், பல்லாவரம் பையன்களுக்கும் அந்த அணியில் சேர ஆசைதான். ஆட இடம் எங்கே? காலி மனையில் ஆடினால், சில நாளில் அங்கே வீடு எழும்புகிறது. தெருவில் ஆடினால் ஜன்னல் கண்ணாடிக்குச் சண்டை.

மாநகராட்சி வார்டுக்கு ஒரு மைதானமாவது ஒதுக்கட்டும். வேலி போட்டுப் பூட்டி வைக்காமல், மாலையில் பையன்களுக்குத் திறந்துவிடட்டும்.